போய்ச் சேர்ந்ததா?

ஃபேக்ஸ் ஒழிந்துவிட்டது என்று நாம் முடிவு கட்டிப் பல வருடங்கள் ஆகின்றன. ஆனால் வங்கிப் பத்திரத்திலும் நீதிமன்ற உத்தரவிலும் அது இன்னும் குடியிருக்கிறது. அதைக் காப்பாற்றி வருவது ஒரு துண்டுச் சீட்டு.

நஞ்சன்கூடு பேருந்து நிலையத்திலிருந்து ஸ்ரீகண்டேஸ்வரர் கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு சிறிய கடை. வெயிலில் வெளுத்துப்போன அதன் பலகையில் நான்கு சேவைகளின் பெயர்கள்: எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி., ஜெராக்ஸ், ஃபேக்ஸ். முதல் இரண்டும் செத்துப் பல வருடங்கள் ஆகின்றன. மூன்றாவது அமோகமாக நடக்கிறது. நான்காவது? மேல் தட்டில், பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. இன்னும் தூக்கிப் போடவில்லையா என்று கடைக்காரரிடம் கேட்டேன். எப்போதாவது யாராவது கேட்டு வருவார்கள் என்றார். கடைசியாக வந்தது யார் என்பது அவருக்கே நினைவில்லை.

தந்திக்கு ஒரு கடைசி நாள் இருந்தது. 2013 ஜூலை 14-ம் தேதி இரவு வரை வரிசையில் நின்று தந்தி கொடுத்தார்கள்; பத்திரிகைகள் இரங்கல் எழுதின. ஃபேக்ஸுக்கு அப்படி ஒரு நாளை யாரும் குறிக்கவில்லை. அரசு அலுவலகங்களின் கடிதத்தாள்களில் தொலைபேசி எண்ணுக்குப் பக்கத்தில் அதன் எண்ணும் வருடக்கணக்காக அச்சாகிக்கொண்டிருக்கிறது. மின்னஞ்சலும் வாட்ஸ்அப்பும் வந்த பிறகும் இந்த இயந்திரத்தை முற்றிலும் கைவிட ஏன் பலருக்கு மனம் வரவில்லை? இதற்குப் பழக்கதோஷம் என்று பதில் சொல்வது எளிது. ஆனால் அது முழுப் பதில் இல்லை. இந்த ஊரிலேயே எனக்கு நேர்ந்த ஒரு சம்பவத்திலிருந்து தொடங்குகிறேன்.

ஒரு புள்ளியின் விலை

மைசூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி, கபினிக் கரையில் இருக்கும் நஞ்சன்கூட்டை வெளியூர்க்காரர்கள் கோயிலுக்காகவும் ரசபாளே வாழைப்பழத்துக்காகவும் அறிவார்கள். தொழில் உலகம் அறிந்த நஞ்சன்கூடு வேறு. இன்ஸ்டன்ட் காபி ஆலை, காகித ஆலை, மருந்து மூலப்பொருள் ஆலை, மின்னணு சர்க்யூட் பலகை தயாரிக்கும் ஆஸ்திரிய கம்பெனியின் ஆலை என்று வரிசையாக இருக்கின்றன. 2003-ல், தமிழில் முதுகலை முடித்த கையோடு, நான் இந்த ஊருக்கு வந்தது மொழிபெயர்ப்பு வேலைக்காக.

பூச்சிமருந்து விற்கும் ஒரு கம்பெனி அது. பெயர் வேண்டாம். பூச்சிமருந்துச் சட்டத்தின் கீழ் 1971-ல் வந்த விதிகளின்படி, டப்பாவோடு வரும் துண்டுப் பிரசுரம் இந்தி, ஆங்கிலத்தோடு விற்பனையாகும் பகுதியின் மொழியிலும் இருக்க வேண்டும். தாளவாடி, கூடலூர், சத்தியமங்கலம் பக்கம் விற்பதற்காகத் தமிழ்ப் பிரசுரம் தேவைப்பட்டது. நான் எழுதியதைக் கோயம்புத்தூரில் ஒருவர் சரிபார்ப்பார். இங்கே அச்சகத்தில் அடிப்பார்கள்.

சரிபார்த்த தாள் எப்படி வரும்? மின்னஞ்சல் அப்போதும் இருந்தது. தமிழ்தான் இல்லை. கோயம்புத்தூரில் ஒரு எழுத்துருவில் அடித்தது இங்கே உள்ள கணிப்பொறியில் கேள்விக்குறிகளும் கொம்பு முளைத்த ரோமன் எழுத்துகளுமாகத் திறக்கும். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு தமிழக அரசு சில தரங்களை அறிவித்திருந்தாலும், ஆளுக்கொரு எழுத்துரு என்பதே நடைமுறை. யூனிகோடை அரசு ஏற்று ஆணையிட்டது 2010-ல்தான். எனவே ஃபேக்ஸ். அதற்கு எந்த மொழியும் தெரியாது. அதனால் எல்லா மொழியும் சம்மதம். தாளில் இருக்கும் கறுப்பையும் வெள்ளையையும் அப்படியே அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்க்கும். தொலைநகல் என்று நம்மவர்கள் வைத்த பெயர் இதைத்தான் சொல்கிறது. அது அனுப்புவது செய்தியை அல்ல, நகலை.

ஒரு மாலை வந்த தாளில், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 0.5 மில்லி மருந்து கலக்க வேண்டும் என்ற வரி '05 மில்லி' என்று விழுந்திருந்தது. அச்சுக் கோப்பவர் கெட்டிக்காரர். அர்த்தமில்லாத சைபரை நீக்கி '5 மில்லி' என்று திருத்திவிட்டார். பத்து மடங்கு! நஞ்சை உண்ட கடவுளின் ஊரில் இருந்துகொண்டு, அடுத்த மாவட்டத்து விவசாயியின் வயலில் பத்து மடங்கு விஷம் தெளிக்கப் பார்த்தோம்.

பூத் வைத்திருந்தவர் சத்தியமங்கலத்துக்காரர். அவர்தான் காப்பாற்றினார் என்று சொல்ல வேண்டும். "தம்பி, இதுல புள்ளியெல்லாம் விழாது. நம்பர் இருந்தா போன் போட்டு ஒரு வாட்டி கேட்டுக்குங்க" என்று முன்பே சொல்லியிருந்தார். இரவு எட்டு மணிக்குச் சந்தேகம் வந்து கோயம்புத்தூருக்குப் போன் போட்டேன். அச்சு ஓடுவதற்கு முன்னால் தடுத்தாயிற்று.

இன்றும் என் நினைவில் நிற்பது வேறொன்று. அனுப்பிய இடத்தில் அவர்களுக்கு ஒரு துண்டுச் சீட்டு கிடைத்திருந்தது. தேதி, நேரம், என் எண், ஒரு பக்கம், முடிவு: ஓகே. இயந்திரம் பொய் சொல்லவில்லை. பக்கம் போய்ச் சேர்ந்தது. புள்ளி போய்ச் சேரவில்லை.

இருபது லட்சம் கட்டங்கள்

அது ஏன் என்று புரிந்துகொள்ள, இயந்திரம் தாளை எப்படிப் படிக்கிறது என்று பார்க்க வேண்டும். 1980-ல் சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பு வகுத்த குரூப் 3 என்ற தரத்தைத்தான் நாம் பார்த்த ஃபேக்ஸ்கள் அனைத்தும் பின்பற்றின. அதன்படி ஒவ்வொரு கிடைக்கோடும் 1,728 புள்ளிகள். ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு 3.85 கோடுகள். ஒரு ஏ4 தாளுக்குக் கணக்குப் போட்டால் ஏறத்தாழ 20 லட்சம் கட்டங்கள். ஒவ்வொன்றும் கறுப்பா, வெள்ளையா என்பது மட்டுமே கேள்வி.

இதை அப்படியே ஒரு விநாடிக்கு 9,600 என்ற வேகத்தில் அனுப்பினால் மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும். எனவே ஒரு தந்திரம் செய்தார்கள். 'வெள்ளை, வெள்ளை, வெள்ளை' என்று ஆயிரம் முறை சொல்வதற்குப் பதிலாக 'ஆயிரம் வெள்ளை' என்று ஒரு குறியீட்டில் சொல்வது. ஒரு கடிதத்தில் வெற்றிடம்தானே அதிகம்! பக்கம் ஒரு நிமிடத்தில் போய்விடும். 1968-ல் வந்த முதல் தரத்தில் ஆறு நிமிடம், 1976-ல் வந்த இரண்டாவதில் மூன்று நிமிடம் பிடித்த வேலை இது. எஸ்.டி.டி. மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த வித்தியாசம் பெரிய காசு.

ஆனால் கோட்டுக்குக் கோடு இடைவெளி கால் மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். பொடி எழுத்தில் அச்சடித்த ஒரு தசமப் புள்ளி அந்த இடைவெளியில் விழுந்து மறைந்துபோகச் சாத்தியம் உண்டு. 'ஃபைன்' என்ற பொத்தானை அமுக்கினால் கோடுகள் இரட்டிப்பாகும். நேரமும் கூடும், கட்டணமும் கூடும். அதனால் பலரும் அமுக்க மாட்டார்கள். தமிழுக்கு இதில் கூடுதல் நஷ்டம். நம் மெய்யெழுத்துக்குப் புள்ளிதான் உயிர். ஏட்டுச் சுவடியில் ஓலை கிழியும் என்று புள்ளி வைக்காமல் எழுதினார்கள். பதிப்பாசிரியர்கள் ஊகித்துப் படித்தார்கள். ஃபேக்ஸ் காலத்தில் நாங்களும் அதே வேலையைத்தான் செய்தோம்.

வந்த தாளும் நிலைக்காது. வெப்பத்தில் கறுக்கும் அந்தச் சுருள் காகிதம் சில வருடங்களில் மஞ்சளாகி எழுத்தை விட்டுவிடும். முக்கியமான ஃபேக்ஸ் வந்தால் முதல் வேலையாக அதை ஜெராக்ஸ் எடுத்துக்கொள்வதுதான் எல்லா அலுவலகங்களிலும் வழக்கம். பூச்சிமருந்து டப்பாவில் விஷத்தின் கடுமையைச் சொல்லும் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை முக்கோணங்கள் எல்லாமே கறுப்பாகத்தான் வந்து விழும். இத்தனை குறைகள் இருந்தும் வியாபார உலகம் இதை விடாமல் பிடித்துக்கொண்டது ஏன்?

கையெழுத்தின் பயணம்

அதன் பிறப்பிலேயே பதில் இருக்கிறது. தொலைபேசியின் தம்பி ஃபேக்ஸ் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது அண்ணன். ஸ்காட்லாந்துக் கடிகாரக் கலைஞர் அலெக்சாண்டர் பெயின் மின்கம்பி வழியாகப் படத்தை அனுப்பும் முறைக்குக் காப்புரிமை பெற்றது 1843-ல். கிரஹாம் பெல்லின் தொலைபேசிக் காப்புரிமை அதற்கு 33 ஆண்டுகள் கழித்து, 1876-ல்.

இத்தாலியப் பாதிரியார் ஜொவான்னி காசெல்லி இதை ஒரு சேவையாகவே ஆக்கினார். 1865-ல் பாரிஸுக்கும் லியோனுக்கும் இடையே அவருடைய 'பான்டெலிகிராஃப்' ஓடத் தொடங்கியது. அதை முக்கியமாகப் பயன்படுத்தியது வங்கித் துறை, கையெழுத்தைச் சரிபார்க்க. தந்தியில் 'பணம் கொடு' என்று வார்த்தை போகும், அதைச் சொன்னவரின் கை போகாது. காசெல்லியின் இயந்திரத்தில் கை போனது.

நூற்றைம்பது வருடம் கழித்தும் வியாபாரத்துக்கு வேண்டியது அதே இரண்டு விஷயங்கள்தான். ஒன்று, இன்னார்தான் அனுப்பினார் என்பதற்கு ஒரு கையெழுத்து. இரண்டு, இன்ன நேரத்தில் போய்ச் சேர்ந்தது என்பதற்கு ஒரு சீட்டு. குரூப் 3 இயந்திரங்கள் இரண்டையும் ஒரே நிமிடத்தில் கொடுத்தன. இரண்டு இயந்திரங்களும் முதலில் கூவிக்கொண்டு ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளும். பக்கம் முடிந்ததும் வாங்கிய இயந்திரம் 'கிடைத்தது' என்று பதில் சொல்லும். அதன் பிறகே அனுப்பியவருக்குச் சீட்டு. சாதாரண மின்னஞ்சலில் இந்தக் கட்டாயப் பதில் கிடையாது. அனுப்பியாயிற்று என்பது மட்டும்தான் அதில் தெரியும்.

இந்தச் சீட்டுக்குச் சட்டத்தில் எவ்வளவு கனம் என்பதைக் கர்நாடகத்தில் பிறந்த ஒரு வழக்கு காட்டியது.

தானே அனுப்பிய ஃபேக்ஸ்

பெங்களூரைச் சேர்ந்த எக்ஸிம் எய்ட்ஸ் என்ற பட்டு ஏற்றுமதி நிறுவனத்துக்கும், அதனிடம் சரக்கு வாங்கிய சில் இம்போர்ட் என்ற அமெரிக்க நிறுவனத்துக்கும் தகராறு. வாங்கியவர் கொடுத்த காசோலைகள் திரும்பிவிட்டன. செலாவணி முறிச் சட்டத்தின் 138-வது பிரிவின்படி, இப்படி ஆனால் முதலில் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாட்களுக்குள் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் குற்றவியல் புகார் தாக்கல் செய்ய வேண்டும்.

ஏற்றுமதியாளர் 1996 ஜூன் 11-ம் தேதி ஃபேக்ஸில் நோட்டீஸ் அனுப்பினார். எதற்கும் இருக்கட்டும் என்று பதிவுத் தபாலிலும் அனுப்பினார். தபால் போய்ச் சேர்ந்தது ஜூன் 25-ம் தேதி. ஆகஸ்ட் 8-ம் தேதி நீதிமன்றத்தில் புகார் கொடுத்தார். தபாலிலிருந்து கணக்கிட்டால் ஆகஸ்ட் 10 வரை அவகாசம் உண்டு. ஃபேக்ஸிலிருந்து கணக்கிட்டால் ஜூலை 26-லேயே அவகாசம் முடிந்துவிட்டது.

ஃபேக்ஸ் சட்டப்படி நோட்டீஸா, இல்லையா? 1999-ல் உச்ச நீதிமன்றம் பதில் சொன்னது. எழுத்து மூலம் நோட்டீஸ் என்று சட்டம் சொல்லும்போது, அதை இந்த வழியில்தான் அனுப்ப வேண்டும் என்று அது கட்டுப்படுத்தவில்லை. நவீன சாதனங்கள் வந்துவிட்டன என்பதைச் சட்டம் இயற்றியவர்கள் அறியாதவர்களாக இருக்க முடியாது. எனவே ஃபேக்ஸும் நோட்டீஸ்தான். அதாவது கெடு ஜூன் 11-லேயே ஓட ஆரம்பித்துவிட்டது. புகார் காலம் கடந்தது, தள்ளுபடி.

நவீன சாதனத்தை அங்கீகரித்த அந்தத் தீர்ப்பு, அந்தச் சாதனத்தை நம்பி அவசரமாக அனுப்பியவரைத்தான் தோற்கடித்தது. அதற்குப் பிறகு சட்டத்தில் கெடுக்கள் சற்றுத் தளர்த்தப்பட்டுவிட்டன. போதிய காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் இப்போது நீதிமன்றத்துக்கு உண்டு. ஆனால் அன்று சொல்லப்பட்ட பாடம் மாறவில்லை. ஒரு காகிதம் எப்போது 'சேர்ந்தது' என்பதில்தான் பணமும் உரிமையும் தொங்குகின்றன.

ஸ்ரீநகரில் ஒரு விடுமுறை நாள்

சேர்ந்த ஃபேக்ஸ் ஒரு வியாபாரியைத் தோற்கடித்தது என்றால், சேராத ஃபேக்ஸ் ஒரு மாநிலத்தையே உலுக்கியது. 2018 நவம்பர் 21. ஜம்மு-காஷ்மீர் சட்டமன்றம் முடக்கத்தில் இருந்தது. 87 பேர் கொண்ட அவையில் மூன்று கட்சிகளின் 56 உறுப்பினர்கள் ஆதரவு தனக்கு உண்டு என்று ஆட்சி அமைக்க உரிமை கோரினார் மெஹபூபா முஃப்தி. கடிதத்தை ஆளுநர் மாளிகைக்கு ஃபேக்ஸில் அனுப்ப முயன்றார். போகவில்லை. போகவில்லை என்பதை ட்விட்டரில் ஊருக்கே சொல்லி, கடிதத்தின் படத்தையும் வெளியிட்டார். எதிர் முகாமின் சஜ்ஜாத் லோன் தன் உரிமைக் கோரிக்கையை வாட்ஸ்அப்பில் அனுப்பியதாகச் சொன்னார். அன்று இரவே சட்டமன்றத்தைக் கலைத்தார் அப்போது ஆளுநராக இருந்த சத்ய பால் மாலிக்.

மீலாது விடுமுறை என்பதால் இயந்திரத்தைக் கவனிக்க ஆள் இல்லை என்பது ஆளுநர் தந்த விளக்கம். ஃபேக்ஸ் கிடைத்திருந்தாலும் தன் முடிவு மாறியிருக்காது என்றும் அவர் சொன்னார். இருக்கலாம். ஆனால் கேலிச்சித்திரங்களுக்குப் பின்னால் ஒரு கனமான கேள்வி இருந்தது. எத்தனையோ பேர் ட்விட்டரில் படித்த ஒரு கடிதம், உரியவரின் மேஜைக்கு மட்டும் 'சேரவில்லை' என்று சொல்ல முடிந்தது எப்படி? எந்த வழியில் வந்தால் சேர்ந்ததாக அர்த்தம் என்பதை அன்று யாரும் முன்கூட்டித் தீர்மானித்திருக்கவில்லை. பழக்கத்தின்படி ஃபேக்ஸ் என்று இருந்தது. அந்த ஃபேக்ஸுக்குப் பக்கத்தில் ஆள் இல்லை.

நம் சரக்கு போகும் நாடுகள்

இந்தப் பிடிவாதம் நமக்கு மட்டும் உரியதல்ல. நஞ்சன்கூட்டின் மருந்து மூலப்பொருளும், பக்கத்துச் சாமராஜநகரின் கறுப்புக் கருங்கல்லும் கடல் கடந்து போகும் சரக்குகள். ஐரோப்பா, ஜப்பான், அமெரிக்கா என்று அந்தப் பக்கத்து வளர்ந்த நாடுகளில்தான் ஃபேக்ஸின் வேர் ஆழம்.

ஜப்பானில் அது வேரூன்றியதற்கு எங்கள் பூச்சிமருந்துப் பிரசுரத்தின் காரணமேதான். ஆயிரக்கணக்கான கஞ்சி எழுத்துகளைத் தட்டச்சு செய்வதைவிடக் கையால் எழுதி அனுப்புவது சுலபம். 2020-ல் கொரோனா பரவியபோது மருத்துவர்கள் நோயாளிகளின் விவரத்தைக் கையால் எழுதி ஃபேக்ஸில் அனுப்பிக்கொண்டிருந்தது அங்கே பெரிய சர்ச்சையானது. மறு ஆண்டு அரசு அலுவலகங்களிலிருந்து ஃபேக்ஸை ஒழிக்க அமைச்சர் தாரோ கோனோ கிளம்பினார். பல துறைகளிலிருந்து நானூறு அளவில் ஆட்சேபங்கள் குவிந்தன. அமைச்சர் பின்வாங்க வேண்டியதாயிற்று.

ஜெர்மனியில் பிட்காம் என்ற தொழில் கூட்டமைப்பு 2023-ல் எடுத்த கணக்கெடுப்பில், ஐந்தில் நான்கு நிறுவனங்கள் இன்னும் ஃபேக்ஸ் அனுப்புவதாகச் சொல்லின. அங்கே வழக்கறிஞர்களுக்கு அது பழைய நண்பன். கெடு முடியும் நள்ளிரவுக்கு ஐந்து நிமிடம் முன்னால் மனுவை அனுப்பி, சீட்டைக் கோப்பில் வைத்துக்கொள்ளலாம். 2022 ஜனவரி முதல் வழக்கறிஞர்கள் மின்னணு முறையில்தான் தாக்கல் செய்ய வேண்டும் என்று சட்டம் வந்த பிறகே அந்த நட்பு தளர்ந்தது.

பிரிட்டனில் அரசு மருத்துவத் துறையிடம் ஏறத்தாழ ஒன்பதாயிரம் ஃபேக்ஸ் இயந்திரங்கள் இருப்பதாக 2018-ல் அறுவை மருத்துவர்களின் ராயல் கல்லூரி கண்டுபிடித்தது. புதிதாக வாங்கக் கூடாது என்று அந்த வருடக் கடைசியில் சுகாதார அமைச்சர் தடை போட்டார். அமெரிக்காவில் மருத்துவமனைகளும் மருந்துக் கடைகளும் இன்றும் ஃபேக்ஸை நம்புகின்றன. நோயாளியின் ரகசியம் காக்கும் சட்டம் அதை அனுமதிக்கிறது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒவ்வொரு கணிப்பொறித் திட்டம், ஒன்றின் மொழி மற்றதற்குப் புரியாது. ஃபேக்ஸுக்கோ எந்த மொழியும் புரிய வேண்டிய அவசியமில்லை. 2003-ல் கோயம்புத்தூருக்கும் நஞ்சன்கூட்டுக்கும் இடையே இருந்த எழுத்துருச் சிக்கலேதான், வேறு உடையில்.

பத்திரமானதா?

ஃபேக்ஸை யாரும் இடையில் படிக்க முடியாது என்ற நம்பிக்கை பலருக்கு உண்டு. அது பழைய கதை. 2018 ஆகஸ்டில் செக் பாயிண்ட் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், ஒரு ஃபேக்ஸ் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, விஷமப் படம் ஒன்றை அனுப்பி, அச்சும் ஃபேக்ஸும் சேர்ந்த ஒரு ஹெச்பி இயந்திரத்தைத் தங்கள் பிடிக்குள் கொண்டுவந்து காட்டினார்கள். அந்த ஓட்டையை ஹெச்பி அடைத்துவிட்டது. ஃபேக்ஸ் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பொருந்தாது என்று 2021-ல் அறிவித்தார் ஜெர்மனியின் பிரெமன் மாநிலத் தரவுப் பாதுகாப்பு அதிகாரி. மறுமுனையில் நிற்பது இயந்திரமா, கணிப்பொறியா, யாருடைய அஞ்சல் பெட்டி என்பதே அனுப்புபவருக்குத் தெரியாது என்பது அவர்கள் வாதம்.

கையெழுத்தும் அவ்வளவு திடமானதல்ல. ஒரு பழைய கடிதத்திலிருந்து கையெழுத்தை வெட்டிப் புதுத் தாளில் ஒட்டி அனுப்பினால், மறுபக்கம் ஒட்டுத் தெரியாது. நம் வங்கிகளுக்கு இது நன்றாகத் தெரியும். ஃபேக்ஸில் வரும் உத்தரவை நம்பிப் பணம் அனுப்ப வேண்டுமானால், 'இதனால் நஷ்டம் வந்தால் எங்கள் பொறுப்பு' என்று முத்திரைத்தாளில் நிறுவனத்திடம் எழுதி வாங்கிக்கொள்கின்றன. ஃபேக்ஸ் இழப்பீட்டுப் பத்திரம் என்றே அதற்குப் பெயர். இப்போது அதே பத்திரத்தில் மின்னஞ்சலையும் சேர்த்துக்கொள்கிறார்கள். நம்பிக்கை இயந்திரத்தில் இல்லை. அந்தப் பத்திரத்தில் இருக்கிறது.

இதற்கெல்லாம் மேலாக, ஃபேக்ஸ் ஓடிய பாதையே மறைகிறது. தாமிரக் கம்பிக்காக வடிவமைத்த சத்தம் அது. இன்று தொலைபேசிக் குரல் இணையப் பொட்டலங்களாக நறுக்கிச் சுருக்கி அனுப்பப்படுகிறது. மனிதக் குரலில் ஒரு கணம் தவறினால் காது சமாளித்துக்கொள்ளும். ஃபேக்ஸ் சமாளிக்காது, பாதிப் பக்கத்தில் அறுந்துவிடும். இதற்காகவே 1998-ல் டி.38 என்ற தனித் தரம் வகுத்தார்கள். வெளிநாட்டு நிறுவனங்களில் மிச்சமிருக்கும் ஃபேக்ஸில் பெரும்பகுதி இன்று கணிப்பொறியிலிருந்து கணிப்பொறிக்குத்தான் போகிறது. காகிதம், சுருள், பீப் ஒலி எதுவும் கிடையாது. எண்ணும் சீட்டும் மட்டும் உயிரோடு இருக்கின்றன.

சீட்டின் வாரிசு யார்?

எனவே கேள்வி இப்போது இயந்திரத்தைப் பற்றியதல்ல. அந்தச் சீட்டின் இடத்தை எது எடுத்துக்கொள்ளும் என்பதுதான்.

நம் நீதிமன்றங்கள் இந்தக் கேள்வியோடு வருடக்கணக்காக மல்லுக்கட்டுகின்றன. 2018-ல் ஒரு கடன் அட்டை வழக்கில், வாட்ஸ்அப்பில் போன நோட்டீஸில் இரண்டு நீலக் குறி விழுந்ததையும் கோப்பு திறக்கப்பட்டதையும் பார்த்து, நோட்டீஸ் சேர்ந்தது என்று ஏற்றது மும்பை உயர் நீதிமன்றம். 2020 ஜூலை 10-ம் தேதி, கொரோனா ஊரடங்கில் தபால் நிலையம் போக முடியாதவர்களுக்காக, நோட்டீஸையும் சம்மனையும் மின்னஞ்சல், ஃபேக்ஸ், வாட்ஸ்அப் போன்ற செயலிகள் வழியாக அனுப்பலாம் என்றது உச்ச நீதிமன்றம். அந்தப் பட்டியலில் ஃபேக்ஸ் இருந்ததைக் கவனியுங்கள். ஆனால் 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், விசாரணைக்கு ஆஜராகும்படி காவல்துறை அனுப்பும் நோட்டீஸ் வாட்ஸ்அப்பில் செல்லாது என்று கறாராகச் சொல்லிவிட்டது. ஆஜராகாவிட்டால் கைதாகலாம். ஒருவரின் சுதந்திரம் நீலக் குறியில் தொங்கக் கூடாது.

சுதந்திரம் காகிதத்தில் தொங்கிய கதையும் உண்டு. 2021 ஜூலை 8-ம் தேதி ஆக்ரா மத்தியச் சிறையில் இருந்த 13 பேருக்கு உச்ச நீதிமன்றம் இடைக்கால ஜாமீன் கொடுத்தது. குற்றம் நடந்தபோது அவர்கள் சிறுவர்கள் என்பது ஏற்கெனவே முடிவான விஷயம். ஆனால் உத்தரவின் சான்றளித்த நகல் தபாலில் வரவில்லை என்று சில நாட்கள் அவர்களை வெளியே விடவில்லை. இன்னும் புறா தூது வர வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோமா என்று வேதனைப்பட்டார் அப்போதைய தலைமை நீதிபதி என்.வி.ரமணா. அதன் விளைவாக 2022 மார்ச் 31-ம் தேதி 'ஃபாஸ்டர்' என்ற திட்டம் வந்தது. உச்ச நீதிமன்ற உத்தரவு மின்னணுக் கையெழுத்தோடு, பாதுகாப்பான வழியில் நேராகச் சிறைக்கே போகும். யாருக்கு, எந்த முகவரியில், யார் கையொப்பத்தோடு என்பதெல்லாம் முன்கூட்டித் தீர்மானமானவை.

ஸ்ரீநகரில் இல்லாதது இதுதான். எந்த வழியில் வந்தால் சேர்ந்ததாகும், வாங்குவதற்கு யார் பொறுப்பு என்று இரு தரப்பும் முதலிலேயே ஒப்புக்கொள்வது. வியாபாரத்துக்கும் இது பொருந்தும். ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் சிறு தொழில்காரர், கடைசிப் பக்கத்தில் 'அறிவிப்பு' என்ற தலைப்பின் கீழ் என்ன இருக்கிறது என்று படிக்க வேண்டும். அங்கே ஒரு ஃபேக்ஸ் எண் இருந்து, அந்த எண்ணின் இயந்திரம் மேல் தட்டில் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தால், ஒரு நாள் தெரியாமலே கெடு ஓடி முடிந்திருக்கும். எண்ணை அடித்துவிட்டு, தினமும் யாராவது திறந்து பார்க்கும் ஒரு மின்னஞ்சல் முகவரியை எழுதுவது செலவில்லாத காரியம். கிடைத்ததும் பதில் போட வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் இன்னும் நல்லது.

நஞ்சன்கூட்டுக் கடைக்காரரிடம் அந்த உறையைக் கொஞ்சம் எடுக்க முடியுமா என்று கேட்டேன். எடுத்தார். இயந்திரத்தின் முகப்பில் எண்களுக்குக் கீழே, விரல் பட்டுத் தேயாத ஒரு பொத்தான். ஃபைன். யாரும் அதை அதிகம் அமுக்கியதில்லை போலிருக்கிறது. இயந்திரத்துக்குத் தொலைபேசி இணைப்பு இல்லை. போன வருடமே ஒப்படைத்துவிட்டாராம். பிறகு பலகையில் அந்தப் பெயர் எதற்கு என்றேன். பெயிண்ட் அடிக்கக் கூலி அதிகம் என்று சிரித்தார்.

வெளியே வந்ததும் அன்று முடித்திருந்த ஒரு மொழிபெயர்ப்பைக் கைப்பேசியிலிருந்து அனுப்பினேன். இப்போது எழுத்துரு உடைவதில்லை, புள்ளி தொலைவதில்லை. இருந்தாலும் அதில் மருந்தின் அளவு இருந்தது. சத்தியமங்கலத்து அண்ணன் சொல்லிக்கொடுத்தபடி, போன் போட்டு ஒரு முறை படித்துக் காட்டச் சொன்னேன்.